வீடியோ மத்தியஸ்தமும் விளையாட்டின் நீதியும்

ஒரு தீர்ப்புச் சரியானதாக இருப்பதும் நீதியானதாக இருப்பதும் ஒன்றுதானா என்னும் வினா மெய்யியலாளரின் கவனத்தை நெடுங்காலமாக ஈர்த்துவந்துள்ளது. நீதிமன்றத்தையும் அரசியலையும் முன்வைத்தே இவ்வினா பெரும்பாலும் ஆராயப்பட்டது. ஆயினும் அண்மைக் காலத்திலே சாதாரண மக்கள் இதனைப் பெருந்தொகையாக எதிர்கொண்ட இடம் உதைபந்தாட்ட மைதானமே எனலாம். ஆட்ட விதிகளை ஆக்கும் சர்வதேசச் சபை 2018 மார்ச் மாதத்தில் வீடியோ உதவி மத்தியஸ்தர் முறையை விதிகளுட் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு ரஷ்யாவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டிகளில் அது பயன்படுத்தப்பட்டது. அன்று மூண்ட வாதம் இன்னும் ஓயவில்லை. அம்முறையை நீக்குவதா என்று இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கின் 20 கழகங்களும் 2024 ஜூனில் வாக்களித்தபோது 19 கழகங்கள் அது நீடிக்கவேண்டும் என்றன. பிரேரணையைக் கொண்டுவந்த வூல்வர்ஹாம்ப்டன் கழகம் தனித்து நின்றது. அதே ஆண்டிற் சுவீடனிலோ நிலைமை நேர்மாறாக அமைந்தது. உறுப்பினரின் வாக்குகளால் ஆளப்படும் அந்நாட்டுக் கழகங்களிற் பெரும்பான்மையானவை எதிர்த்தமையால் அங்கு அம்முறையைக் கொண்டுவரும் முயற்சி கைவிடப்பட்டது.

ஒரே விளையாட்டை நேசிக்கும் இரு சமூகங்கள் இவ்வாறு எதிரெதிரான முடிவுகளுக்கு வந்தமைக்குக் காரணம் தொழில்நுட்பம் பற்றிய அறிவின் வேறுபாடன்று. விளையாட்டில் நீதி என்பது யாது என்பதிலேயே கருத்து வேறுபாடு உள்ளது. அவ்வேறுபாட்டை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வர முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் மத்தியஸ்தரின் அதிகாரம் எதிலிருந்து பிறக்கின்றது என்பதை நோக்குவோம். ஆட்டத்தின் நிகழ்வுகள் பற்றிய மத்தியஸ்தரின் முடிவே இறுதியானது என்பது உதைபந்தாட்டத்தின் பழைய விதி. தவறக்கூடிய ஒரு மனிதரின் சொல்லுக்கு இத்தகைய இறுதித்தன்மை வழங்கப்பட்டமைக்கு இரண்டு நியாயங்கள் இருந்தன. ஒன்று, ஆட்டம் தொடர்ந்து நடைபெறவேண்டும் என்பது. மற்றையது, அவரிலும் நன்றாகப் பார்க்கக்கூடிய நடுநிலையாளர் எவரும் அங்கு இல்லை என்பது. ஆட்டக்காரர் கட்சி சார்ந்தவர். பார்வையாளர் தூரத்தில் இருப்பவர். ஆதலின் மத்தியஸ்தரின் தவறு அவருடைய தனிக் குற்றமாகாது, அனைவருக்கும் பொதுவான அறியாமையின் ஒரு பகுதியாகவே அமைந்தது.

1966 ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டம் இதற்கு நல்ல உதாரணம். இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும் இரண்டுக்கு இரண்டு எனச் சமநிலையில் இருக்க, மேலதிக நேரத்தில் ஜெஃப் ஹேர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்திற் பட்டுக் கீழே விழுந்தது. அது கோட்டை முழுமையாகக் கடந்ததா என்பது சுவிற்சர்லாந்து மத்தியஸ்தர் டீன்ஸ்ற்றுக்குத் தெரியவில்லை. சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த கோட்டு மத்தியஸ்தர் பஹ்ராமொவைக் கேட்டார். அவர் கோல் என்றார். இங்கிலாந்து நான்குக்கு இரண்டு என வென்றது. அந்தத் தீர்ப்பை ஜேர்மனியர் பலர் இன்றுவரை ஏற்கவில்லை. ஆயினும், அன்று கிடைக்கக்கூடியதாக இருந்த ஒரே சாட்சியத்தை மத்தியஸ்தர் கேட்டறிந்த பின்னரே தீர்ப்பளித்தார் என்பதை மறுத்தற்கில்லை. அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ் 1971 இல் வெளியிட்ட தமது நீதிக் கோட்பாட்டு நூலில், சரியான விளைவு எது என்பதற்குத் தனியான அளவுகோல் இருந்தும் அதனை நிச்சயமாக அடைவதற்கு வழியில்லாத நடைமுறைகளைக் குறைபாடுள்ள நடைமுறை நீதி என வகைப்படுத்துவார். குற்றவியல் விசாரணை அவர் தரும் உதாரணம். உதைபந்தாட்ட மத்தியஸ்தமும் இவ்வகையினதே. இத்தகைய நடைமுறையிடம் நாம் கேட்கக்கூடியது தவறாமையை அன்று. கைக்கெட்டிய சாட்சியத்தை அது புறக்கணிக்கலாகாது என்பதையே.

தொலைக்காட்சியின் வளர்ச்சி மேற்கூறிய இரண்டாவது நியாயத்தைத் தகர்த்தது. 1986 ஜூன் 22 ஆம் திகதி மெக்சிக்கோ நகரத்து அஸ்ரெக்கா அரங்கில் ஆர்ஜென்ரீனாவின் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையாற் பந்தைத் தட்டிக் கோலாக்கினார். துனீசிய மத்தியஸ்தர் அதனைக் காணவில்லை. கோட்டு மத்தியஸ்தரும் கொடி உயர்த்தவில்லை. ஆனால் சில கணங்களில் மீள்காட்சி மூலம் உலகமே அதனைக் கண்டுகொண்டது. 2009 நவம்பரிற் பாரிஸ் நகரருகே, உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெறும் ஆட்டத்தில், தியரி ஒன்ரி கையாற் பந்தைக் கட்டுப்படுத்திக் கொடுக்க கலாஸ் அதனைக் கோலாக்கினார். பிரான்ஸ் தகுதி பெற்றது. அயர்லாந்துக் குடியரசு வெளியேறியது. 2010 ஜூன் 27 ஆம் திகதி தென்னாபிரிக்காவின் புளூம்ஃபொன்ரெயினில் ஜேர்மனிக்கு எதிராக லம்பார்ட் அடித்த பந்து கோட்டுக்கு அப்பால் தெளிவாக விழுந்து வெளியே வந்தது; கோல் வழங்கப்படவில்லை. இந்நிகழ்வுகளில் அறியாதவராக இருந்தவர் ஒருவரே. அவரே தீர்ப்பளிக்கவேண்டியவராகவும் இருந்தார்.

இவ்விடத்திற் சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நினைத்துப் பார்த்தல் பொருந்தும். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். உண்மையைக் காட்டவல்ல சாட்சியம் அரண்மனைக்கு வெளியே எங்கும் மறைந்திருக்கவில்லை. கைப்பற்றப்பட்ட சிலம்பின் உள்ளேயே இருந்தது. கோவலன் கொல்லப்படுமுன் அதனை உடைத்துப் பார்த்திருக்கலாம். மனிதன் என்ற முறையில் அரசன் தவறக்கூடியவன் என்பதை நாம் மன்னிக்கிறோம். கைக்கெட்டிய சாட்சியத்தைத் தேராது தீர்ப்புரைத்ததையே காப்பியம் மன்னிக்க மறுக்கின்றது. அரசனும் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை. மரடோனாவின் கோலை அனுமதித்த மத்தியஸ்தரிடம் சிலம்பு இருக்கவில்லை. ஆனால் மீள்காட்சியைச் சில விநாடிகளிற் பெறக்கூடிய காலத்தில், அதனைப் பார்ப்பதை விதியே தடுக்குமாயின், அவ்விதி அறியாமையை வேண்டுமென்றே பாதுகாக்கும் விதியாகிவிடுகின்றது. எனவே, தொழில்நுட்பத்தின் உதவியை நாடியது வெறும் நவீன மோகத்தின் விளைவு என்று கூறுவது பொருந்தாது. மத்தியஸ்தருக்கு மறைக்கப்பட்ட உண்மையைப் பார்வையாளர் அனைவரும் காணத் தொடங்கிய பின்னர் அது ஓர் ஒழுக்கக் கடப்பாடாகவே மாறியது.

2012 ஜூலையில் அனுமதிக்கப்பட்ட கோல்கோட்டுத் தொழில்நுட்பம் இக்கடப்பாட்டின் மிகத் தூய வடிவமாகும். பந்து கோட்டைக் கடந்ததா என்பதை ஒரு விநாடிக்குள் மத்தியஸ்தரின் கைக்கடிகாரத்துக்கு அது அறிவிக்கின்றது. ஆட்டம் தடைப்படுவதில்லை, எவருடைய அபிப்பிராயமும் அங்கு கேட்கப்படுவதில்லை. இதனை எதிர்ப்போர் இன்று அரிது. ஆனால் வீடியோ உதவி மத்தியஸ்தர் முறை இதிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. திரைகள் நிறைந்த ஓர் அறையில் அமர்ந்துள்ள மத்தியஸ்தர்கள் ஆட்டத்தைப் பல கமராக்களின் வழியே கண்காணிக்கின்றனர். 2018 இன் விதிப்படி கோல், தண்ட உதை, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள்மாறாட்டம் ஆகிய நான்கு விடயங்களில், தெளிவானதும் வெளிப்படையானதுமான தவறு நிகழ்ந்திருந்தால் மாத்திரமே அவர்கள் தலையிடலாம். இறுதி முடிவு மைதானத்தில் நிற்பவருக்கே உரியது. இம்முறை மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுகளுள் மூன்று ஆராயத்தக்கன.

முதலாவது, இது ஆட்டத்தின் ஓட்டத்தையும் மகிழ்ச்சியையும் கெடுக்கின்றது என்பதாகும். கிரிக்கெற்றிலும் இத்தகைய முறை உண்டு; மத்தியஸ்தரின் முடிவை மீளாய்வுக்கு உட்படுத்தும் முறை டெஸ்ட் ஆட்டங்களில் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது 2008 இல் இலங்கையில் நடைபெற்ற இந்திய-இலங்கைத் தொடரிலேயே. அங்கு அது பெரிதும் இடையூறாகத் தோன்றுவதில்லை. ஏனெனில் ஒவ்வொரு பந்துக்கும் பின்னர் கிரிக்கெற் இயல்பாகவே ஓய்கின்றது. உதைபந்தாட்டமோ ஓடிக்கொண்டே இருப்பது. கோல் என்பது அதன் அரிய உச்சக் கணம். 2019 ஏப்ரில் 17 ஆம் திகதி சம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மன்செஸ்ரர் சிற்றியின் ஸ்ரேர்லிங் மேலதிகக் கணங்களில் அடித்த கோல் அக்கழகத்தை அரையிறுதிக்கு இட்டுச்செல்வதாகத் தோன்றியது. அரங்கு ஆர்ப்பரித்தது; பயிற்றுநர் துள்ளி ஓடினார். பின்னர் அகுவேரோ ஓப்சைட் நிலையில் இருந்தமை கண்டுபிடிக்கப்பட்டுக் கோல் நீக்கப்பட்டது, டொட்டன்ஹாம் முன்னேறியது. தீர்ப்புச் சரியானதே. ஆனால் அதன்பின் எந்தக் கோலையும் பார்வையாளன் முழுமனத்தோடு கொண்டாடுவதில்லை; கொண்டாட்டத்தையும் ஓர் அனுமதிக்காகக் காக்கவைக்கிறான். இவ்விழப்பைச் சிறிதெனக் கொள்ளலாகாது. எனினும் தவறான கோலினால் ஒரு சாரார் பெறும் மகிழ்ச்சி மறுசாராரின் நட்டத்தின்மீது நிற்பது. மகிழ்ச்சிக்காக நீதியைக் கைவிடுக என எதிரணியினரை நாம் கேட்க முடியாது. ஆகவே இக்குற்றச்சாட்டு முறையை நிராகரிக்கப் போதுமானதன்று. தலையீடு அருகியும் விரைந்தும் அமையவேண்டும் என்பதையே அது நிறுவுகின்றது.

இரண்டாவது குற்றச்சாட்டு ஆழமானது. நிகழ்வும் மதிப்பீடும் வேறுவேறானவை. பந்து கோட்டைக் கடந்தது என்பது நிகழ்வு. கை இயல்பான நிலையில் இருந்ததா, மோதல் அளவுமீறியதா என்பன மதிப்பீடுகள். 2018 ஜூலை 15 ஆம் திகதி இறுதியாட்டத்தில் குரொவேசியாவின் பெரிசிச்சின் கையிற் பந்து பட்டது. ஆர்ஜென்ரீன மத்தியஸ்தர் பித்தானா திரையைப் பார்த்தார், விலகினார், மீண்டும் வந்து பார்த்தார், பின்னர் பிரான்சுக்குத் தண்ட உதை வழங்கினார். பந்து பட்டது என்பதிற் கமரா ஐயம் வைக்கவில்லை. அது தண்டனைக்குரியதா என்பதிலே கமராவால் எதுவும் கூறமுடியவில்லை. இத்தனை தடவை பார்க்கவேண்டியிருந்த ஒன்று தெளிவான தவறாக இருக்கமுடியுமா என்ற கேள்வி அன்று எழுந்தது. அது நியாயமான கேள்வியே. மேலும், திரை எப்போதும் நடுநிலையானதன்று. மெதுவாக ஓட்டிக்காட்டப்படும் செயல் அதனைப் புரிந்தவரின் நோக்கத்தை உள்ளதிலும் மிகுதியாகக் காட்டும் என்பதை 2016 இல் வெளியான அமெரிக்க உளவியல் ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. விதியாக்குநரும் இதனை உணர்ந்திருந்தனர். தொடுகை நிகழ்ந்த இடம் போன்ற நிகழ்வுகளுக்கே மெதுவான காட்சியைப் பயன்படுத்தலாம், மோதலின் கடுமையை இயல்பான வேகத்திலேயே நோக்கவேண்டும் என அவர்கள் வகுத்தனர். இதிலிருந்து நாம் பெறுவது யாதெனில், மதிப்பீட்டை இயந்திரம் ஒழிப்பதில்லை. ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதரிடம் அதனை இடமாற்றுகின்றது என்பதே.

மூன்றாவது குற்றச்சாட்டு நுண்மை பற்றியது. ஓப்சைட் விதியின் நோக்கம், தாக்கும் ஆட்டக்காரர் எதிரணியின் கோலருகே பதுங்கியிருந்து நேர்மையற்ற அனுகூலம் பெறுவதைத் தடுப்பதாகும். 1990 இல் விதி திருத்தப்பட்டபோது, இறுதிக்கு முந்திய எதிராளியுடன் ஒரே கோட்டில் நிற்பவர் ஓப்சைட் அல்லர் என ஆக்கப்பட்டமையும் தாக்குதலை ஊக்குவிக்கவே. இன்றோ பெருவிரலின் நுனியோ தோளின் விளிம்போ முந்தியிருந்தமைக்காகக் கோல்கள் நீக்கப்படுகின்றன. 2022 கட்டார் உலகக் கிண்ணத்தில் 12 கமராக்கள் ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 தடவை பதிவுசெய்தன. பந்தினுள் இருந்த உணர்கருவி விநாடிக்கு 500 தடவை தகவல் அனுப்பியது. இந்நுண்மை வியப்புக்குரியதே. ஆயினும் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். விநாடிக்கு 8 மீற்றர் வேகத்தில் ஓடும் ஒருவர் விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கில் 16 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுகிறார். விநாடிக்கு 50 படங்களை மாத்திரம் தரும் ஒளிபரப்பில் பந்து உதைக்கப்பட்ட படம் எது என்று தெரிவுசெய்து, அதன்மேற் கோடு கீறி, இரண்டு சென்ரிமீற்றர் வேறுபாட்டுக்காகத் தண்டித்த காலத்திலே அளவுகருவியின் ஐயம் அளக்கப்பட்ட பொருளிலும் பெரிதாக இருந்தது. கருவிகள் திருந்தி அவ்வையம் நீங்கினாலும் வேறொரு வினா எஞ்சும். விரல்நுனி முந்தியிருந்தமையால் அவர் நேர்மையற்ற அனுகூலம் எதனைப் பெற்றார்?

சட்டம் பொதுமையானது, அதனாற் குறித்த சந்தர்ப்பங்களில் அது தன் நோக்கத்தையே தவறவிடக்கூடும் என்பார் அரிஸ்டோட்டில். லெஸ்பொஸ் தீவின் கட்டடக்காரர் பயன்படுத்திய ஈய அளவுகோலை அவர் உவமையாகக் காட்டுவார். அது விறைத்து நில்லாது கல்லின் வடிவத்துக்கேற்ப வளைந்துகொடுக்கும். நியாய உணர்வும் அவ்வாறே சட்டத்தைச் சந்தர்ப்பத்துக்கு இசைவிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. இங்கிலாந்து மத்தியஸ்தர்கள் 2021 இற் தொடங்கிய பருவத்தில் ஓப்சைட் கோடுகளைத் தடிப்பாக்கி, ஐயத்தின் பயனைத் தாக்குபவருக்கு வழங்கியபோது, அந்த ஈய அளவுகோலையே மீளக் கண்டுபிடித்தனர் எனலாம். விதியின் நோக்கத்தைக் கடந்து செல்லும் நுண்மை நீதியைக் கூட்டுவதில்லை. அது நீதியின் தோற்றத்தை மாத்திரம் கூட்டுகின்றது.

இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னரும் இம்முறை பயனற்றது என்று கூறமுடியாது. அறிமுகத்துக்கு முன்னர் 82 வீதமாக இருந்த முக்கிய முடிவுகளின் சரித்தன்மை 96 வீதமாக உயர்ந்துள்ளது எனப் பிரிமியர் லீக் 2024 இல் தெரிவித்தது. எஞ்சிய நான்கு வீதமே இன்று முன்னைய 18 வீதத்திலும் கூடிய சினத்தை மூட்டுகின்றது என்பதே விசித்திரம். தவறாமை வாக்களிக்கப்பட்ட இடத்தில் தவறு துரோகமாகத் தோன்றுவது இயல்பு. 2023 செப்டெம்பர் 30 ஆம் திகதி டொட்டன்ஹாம் மைதானத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல் ஓப்சைட் என நீக்கப்பட்டது. அறையில் இருந்தோர் படத்தைச் சரியாகவே பார்த்தனர். டியாஸ் ஓப்சைட் அல்லர் எனவும் கண்டனர். ஆனால் மைதானத்தின் முடிவு கோல் என்பதே எனத் தவறாக எண்ணிக்கொண்டு, பரிசோதனை முடிந்தது, முடிவு சரி என்றனர். ஆட்டம் மீளத் தொடங்கியது. சில விநாடிகளில் தவறு உணரப்பட்டது. ஆட்டத்தை நிறுத்துமாறு அறையிலேயே ஒரு குரல் எழுந்தது. தொடங்கிய ஆட்டத்தை மீட்க விதி இடங்கொடாது என்பதால் எதுவும் செய்யப்படவில்லை. லிவர்பூல் இரண்டுக்கு ஒன்று எனத் தோற்றது.

இந்நிகழ்வைச் சாதாரண கவனக்குறைவாகக் கருதிக் கடந்துசெல்ல முடியாது. பாண்டியன் உண்மையை அறிந்தது கொலைக்குப் பின்னர். இங்கோ உண்மை தெரிந்திருந்தது, ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, திருத்துவதற்கு நேரமும் இருந்தது. நடைமுறை விதி ஒன்றே குறுக்கே நின்றது. உண்மையைத் தேடுவதற்கென ஆக்கப்பட்ட முறை, உண்மை கைக்கு வந்த கணத்தில் தன் நடைமுறைக்கு அடிபணிந்தது. கருவி எவ்வளவு வளர்ந்தாலும் தீர்ப்பளிப்பவரின் துணிவுக்கு அது பதிலீடாகாது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இறுதியாக, ஆட்டக்காரரின் மனச்சான்று பற்றிய வினா உண்டு. 1997 மார்ச்சில் ஆர்செனல் கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில், தாம் வீழ்த்தப்படவில்லை என லிவர்பூலின் ரொபி ஃபௌலர் தாமாகவே மத்தியஸ்தருக்குச் சைகை காட்டினார். தண்ட உதை வழங்கப்பட்டேவிட்டது. ஃபௌலரின் உதையைக் காப்பாளர் தடுக்க, திரும்பிவந்த பந்தை அவருடைய சக ஆட்டக்காரர் கோலாக்கினார். 2009 இல் ஒன்ரியோ ஆட்டம் முடிந்த பின்னர் கையாற் பந்தைத் தொட்டதை ஒப்புக்கொண்டு, ஆயினும் தாம் மத்தியஸ்தர் அல்லர் என்றார். கமரா எங்கும் இருக்குமிடத்து ஃபௌலரின் நேர்மைக்குத் தேவையும் இல்லை, ஒன்ரியின் சாட்டுக்கு இடமும் இல்லை எனச் சிலர் கருதலாம். எதிராளிக்குரிய நீதியை அவனுக்குத் தீங்கிழைத்தவனின் நற்குணத்தை நம்பி விட்டுவிட முடியாது என்பது உண்மையே. ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. குற்றத்தைக் கண்டுபிடிப்பது கமராவின் வேலை என்றான பின்னர், கமரா காணாதது குற்றமன்று என்ற பாடத்தை இளையோர் கற்றுக்கொள்ளக்கூடும்.

இவ்வாபத்து எம்மைப் போன்ற நாட்டினருக்கே மிகவும் உரியது. உலகில் ஆடப்படும் உதைபந்தாட்டத்தின் மிகப் பெரும் பகுதி கமரா எதுவுமில்லாத மைதானங்களிலேயே ஆடப்படுகின்றது. பாடசாலை மைதானத்திலும் கோயில் வீதியோரத்து வெளியிலும் ஒரு விசிலும் ஒரு மனிதருமே உள்ளனர். அங்கு ஆடும் சிறுவன் தொலைக்காட்சியிற் காண்பது திரையை நோக்கிக் கைகாட்டி மீளாய்வு கோரும் நட்சத்திரங்களை. தன் மைதானத்தின் ஒற்றை மத்தியஸ்தரிடம் அவன் எதனைக் கோரப்போகிறான்?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வீடியோ மத்தியஸ்தம் உதைபந்தாட்டத்தைத் திருத்துகின்றதா கெடுக்கின்றதா என்பதற்கு ஒரு நிபந்தனையுடன் விடையளிக்கலாம். எல்லோரும் காணும் தவறை மத்தியஸ்தரும் காணச்செய்யும் அளவுக்கு அது நீதிக்குத் துணை. விதியின் நோக்கத்திலும் நுண்ணியதாக அளக்கவும், மதிப்பீட்டை நிகழ்வுபோலக் காட்டவும் முற்படும் இடத்தில் அது நீதிக்குப் பகை. நீதி வழங்கப்பட்டாற் போதாது, வழங்கப்படுவது தெரியவும் வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டமரபின் கொள்கை. 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் மத்தியஸ்தர்கள் தமது மீளாய்வு முடிவுகளை ஒலிவாங்கியில் அரங்கு முழுவதற்கும் அறிவித்தமை இத்திசையில் ஒரு நல்ல அடியாகும். தீர்ப்பை ஒரு மனிதர் தம் குரலிற் கூறி அதற்குப் பொறுப்பேற்கும்வரை, அது தவறினாலும் நாம் அதனோடு வாதாடலாம், அதனை மன்னிக்கலாம். எவருடையதென்று தெரியாத தீர்ப்போடு வாதாடவும் முடியாது. அதனை மன்னிக்கவும் முடியாது.